வெட்டாத ராணி

ஜூன் 4, திங்கள்

இந்த டைரி கேஸ் ஏஜென்சிக்காரர் போன வருசம் தந்தது. கிழமை ஒன்றும் ஒத்துவராது. மேலேயே அடித்து எழுதிக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆவுடையப்பனுக்கு இதுவே பெரிய எழுத்து.

எழுத வந்த காரணம், அடுத்த ஞாயிறு எங்கள் செஸ் கிளப் போட்டி ஆரம்பம். எட்டுப் பேர், ஏழு ஞாயிறு. இந்த வருசம் அவரவர் ஆட்டத்தை அவரவரே தாளில் எழுத வேண்டும் என்று செயலாளர் பிலிப் சார் சொல்லிவிட்டார். டெலிபோன் ஆபீசில் ரிட்டயர் ஆனவர், எல்லாவற்றுக்கும் தாள் கேட்பார். "தினம் எதையாவது எழுதுங்க ஆவுடையப்பன், கை தன்னால வந்துரும்" என்றார்.

போன வருசம் வரை எனக்கும் சேர்த்து என் கிளப் கூட்டாளி நயினார்தான் எழுதுவார். அவரும் நானும் ஆடினால் இரண்டு தாளிலும் அவர் கைதான். நான் கீழே கையெழுத்து மட்டும் போடுவேன். இந்த வருசம் அவருக்கு நேரமில்லை.

கடையில் இன்று ரிப்பேருக்கு நாலு குக்கர், இரண்டு அடுப்பு. மேலத்தெரு டீச்சரம்மா குக்கர் விசிலே அடிக்க மாட்டேங்குது என்றார்கள். "உங்க வீட்ல எல்லாரும் உங்களுக்குப் பயந்து வாயத் திறக்க மாட்டாங்க, குக்கரும் பழகிட்டு" என்றேன். சிரித்துச் சிரித்து அவர்களுக்கு இருமல் வந்துவிட்டது.

ஜூன் 6, புதன்

சாரல் விடவில்லை. குற்றாலத்துக்கு வருகிற கூட்டம் தென்காசிச் சாப்பாட்டுக் கடைகளை நிரப்புகிறது. கடைகளின் பெரிய குக்கரெல்லாம் என்னிடம் வருகிறது. ஒன்று கைப்பிடி கழன்று வந்தது. கொண்டுவந்த மாஸ்டருக்கு முழு வழுக்கை. "உங்க ரெண்டு பேருக்குமே பிடிக்கதுக்கு ஒண்ணும் இல்லையே மாஸ்டர்" என்றேன்.

மேல் தட்டில் கோமதி மதினியின் ஐந்து லிட்டர் குக்கர் இருக்கிறது. நயினார் வீட்டம்மா. மார்ச்சில் கொண்டுவந்து போட்டது. வால்வு மாற்றி, விளக்கி, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். யாரும் வந்து கேட்கவில்லை.

"கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் வாங்களேன்" என்றாள் பேச்சி, என் வீட்டுக்காரி.

"அங்க என் பருப்பே வேகாது, குக்கர் போய் என்ன செய்யும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருசம் சிரித்த பொம்பளை.

ஜூன் 10, ஞாயிறு

முதல் ஆட்டம். ஜெயித்தேன். தாளில் மூன்று இடத்தில் அடித்தல். பிலிப் சார் பார்த்துவிட்டு, "கோழி நடந்த மாதிரி இருக்கு. ஆனா கோழி சரியான கட்டத்துலதான் நடந்திருக்கு" என்றார்.

எங்கள் கிளப் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸின் மாடி. ஜன்னலோர மேசை நயினாருடையது, எதிர் நாற்காலி என்னுடையது. பதினெட்டு வருசமாக அப்படித்தான். இன்று அவர் கதவோரம் மாறி உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் சாரல் அடிக்கிறதாம். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

ஆட்டமெல்லாம் முடிந்ததும் பிலிப் சார் ஒரு சேதி சொன்னார். இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். முழுநேர வேலை, மாதச் சம்பளம். "இந்த வருசம் உங்க கிளப்ல யார் சாம்பியனோ அவரை அனுப்புங்க, வேற சிபாரிசு வேண்டாம்" என்று தாளாளர் சொல்லியிருக்கிறாராம்.

எல்லோரும் நயினாரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் கை தவறிக் கீழே விழுந்து என் பக்கமாக உருண்டு வந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. நான் போகும் வரை காத்திருந்து எடுத்தார்.

"எனக்குக் கிடைச்சா பிள்ளைங்களுக்குக் குக்கர் கழட்டவும் சேத்துச் சொல்லிக் குடுப்பேன் சார்" என்றேன். ஒருவர் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 13, புதன்

பேச்சி இந்த டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முக்கியமானத எழுதவே இல்லையே" என்றாள். சரி, எழுதுகிறேன்.

நயினார் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். போன ஆகஸ்டில் மில்லை மூடிவிட்டார்கள். மகள் உலகம்மைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். அதனால் வீட்டில் சொல்லவில்லை. தினம் காலை எட்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் டப்பாவுமாகக் கிளம்பி நேரே கிளப்புக்கு வருவார். ஒரு சாவி அவரிடம் உண்டு. தனியாக உட்கார்ந்து காய்களை நகர்த்துவார். மத்தியானம் சாப்பிடுவார். ஐந்தரைக்கு டப்பாவைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இப்படி ஏழு மாதம். ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

மார்ச்சில் ஒரு அம்மா குக்கர் மூடியின் கேஸ்கெட் ரப்பரை மாற்ற என் கடைக்கு வந்தார்கள். பேச்சுவாக்கில் நயினாரைப் பற்றிக் கேட்டார்கள். நானும் வழக்கம்போல என்னமோ கேலியாகச் சொன்னேன். அவர்கள் மாப்பிள்ளையின் அம்மா என்று நான் என்ன கனவா கண்டேன்? சம்பந்தம் நின்றுபோனது. வேலை போன கதை வீட்டிலும் தெரிந்துபோனது. ஒரு கேலிக்குப் போய் இத்தனை நாள் கோபம்.

பேச்சிக்குப் படித்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

ஜூன் 17, ஞாயிறு

ஜெயித்தேன். கதவோரத்திலும் ஜெயம்.

ஜூன் 20, புதன்

நயினார் இப்போது லாரி புக்கிங் ஆபீசில் வாரம் மூன்று நாள் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறார். இன்று அந்த வழியாகப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் போனேன். தெருமுனை வரைக்கும் "மன்னிச்சுரும்வே, மன்னிச்சுரும்வே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போடாமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்தில் சுமை தூக்குகிற இரண்டு பேர்.

"என்னவே, மூட்டைக்கு நடுவுல எந்த மூட்டை நீருன்னே தெரியலையே" என்றது என் வாய்.

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

வருகிற வழியில் வாழைப்பழம் வாங்கி வந்தேன்.

ஜூன் 24, ஞாயிறு

இன்று நயினார் கோகுலை ஜெயித்தார். கோகுல் பாங்கில் ஆபீசர், முப்பது வயசு, போனில் பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர். நல்ல பையன்தான். கடைசி வரை விடாமல் ஆடித் தோற்றுவிட்டு, "சார், பிரமாதம்" என்று நயினாருக்குக் கை கொடுத்தார்.

கோகுலை ஜெயித்ததால் இரண்டு பேரும் கடைசியில் சமமாக வந்தாலும் நயினாருக்குத்தான் பட்டம். அதுதான் விதி என்று பிலிப் சார் சொன்னார். நயினார் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரில் தாளம் போட்டுக்கொண்டு போனார். மேலே நின்று கேட்டேன்.

என் தாளில் ஒரே ஒரு அடித்தல்தான்.

ஜூலை 1, ஞாயிறு

கோகுலிடம் தோற்றேன். மழை.

ஜூலை 4, புதன்

மின்சாரம் இல்லாததால் கடையில் வேலை ஓடவில்லை. எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். தையல்காரரிடம் ஜாக்கெட், மாவு மில்லில் கோதுமை, என்னிடம் குக்கர். பொருளைக் கொடுத்துவிட்டு, "அந்தத் தெருவுல இன்னார் வீடு எப்படி?" என்பார்கள். "தங்கமான குடும்பம்" என்று சொல்ல வேண்டும். வேண்டாதவன்கூட அதைத்தான் சொல்வான். நானே இருபது வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் மூன்று வீடு தங்கமும் இல்லை, குடும்பமும் இல்லை.

அந்த அம்மா கொடுத்த குக்கரைத் திறந்து பார்த்தேன். கேஸ்கெட் புதுசு. ஒரு கீறல் இல்லை.

அப்பவே தெரிந்துவிட்டது எதற்கு வந்திருக்கிறார்கள் என்று. "அம்பாசமுத்திரத்துல இருந்து வாரோம். நயினார் மக உலகம்மைய எங்க பையனுக்குப் பேசி முடிக்கப் போறோம்" என்று அவர்களே சொல்லவும் செய்தார்கள். பேசி முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டதா? முந்தின நாள் ஞாயிறு, கிளப்பில் மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்து ஆடியிருக்கிறார், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. வேலை போனதைச் சொல்லத் தெரிந்தவருக்கு மாப்பிள்ளை வந்ததைச் சொல்லத் தெரியவில்லை. ஆவுடையப்பன் வாய் ஓட்டை வாய் என்று நினைத்திருப்பார்.

"மில்லுல சூப்பர்வைசராமே?" என்று கேட்டார்கள்.

"மில்லு மூடி ஏழு மாசம் ஆச்சும்மா. காலைல டிபன் டப்பாவத் தூக்கிட்டு வந்து எங்க கிளப்புல உக்காருவாரு. சாயங்காலம் டப்பாவக் கழுவிட்டுப் போவாரு. வீட்டுக்கும் தெரியாது, டப்பாவுக்கும் தெரியாது."

சிரிக்கத்தான் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். கேஸ்கெட்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லிக் குக்கரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதைப் பேச்சிக்குப் படித்துக் காட்டவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

நயினார் தோற்றுவிட்டார், அதுவும் யாரிடம்! ஆட்டத்துக்கு நடுவே தூங்கிப்போகிற ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்தையாவிடம். அவசரத்தில் யானையைக் கோட்டை விட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேச்சி என்ன என்று கேட்டாள். சாம்பாரில் உப்பில்லை என்றேன். உப்பு இருந்தது.

ஜூலை 15, ஞாயிறு

கணக்கு இப்படி நிற்கிறது. நயினார் ஐந்து, கோகுல் ஐந்து, நான் நாலு. அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். கோகுல் முத்தையாவோடு. முத்தையா தினமும் அதிசயம் செய்ய மாட்டார். அதனால் நயினார் ஜெயித்தே ஆக வேண்டும். சமமாக முடிந்தால்கூடப் பட்டமும் வேலையும் கோகுல் பக்கம் போய்விடும்.

நயினாருக்கு எதிர் ஆட்டக்காரர் யார் என்று பிலிப் சார் பலகையில் எழுதினார். என் பெயர். முதல் எழுத்து ‘ஆ’வுக்குச் சுழி போட மறந்து எழுதி, அப்புறம் போட்டார்.

ஜூலை 19, வியாழன்

பேச்சியிடம் சொன்னேன், தோற்கப் போகிறேன் என்று.

"அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு, நான் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல வரலை. இதுக்கு ஒரு பலகையும் முப்பத்திரண்டு காயும் வேணுமாக்கும்" என்றாள்.

"வாசல்ல நின்னா வாய் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாதுட்டி. பலகையில கைதான் பேசும்."

அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள். அப்புறம், "தெரியாத மாதிரி தோக்கணும். உங்களுக்கு அது வருமா?" என்றாள்.

ஜூலை 22, ஞாயிறு

ஜன்னலோர மேசை. பிலிப் சார் வேண்டுமென்றே அதைப் போட்டாரா தெரியாது. எனக்கு வெள்ளைக் காய். கை கொடுத்தேன். விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

தோற்க உட்கார்ந்தால் காயெல்லாம் தன்னால நல்ல இடத்தில் போய் நிற்கிறது. பொதுவாக நயினாரோடு ஆடினால் பத்துக்கு ஐந்து எனக்கு, ஐந்து அவருக்கு. இன்று அவருக்கு ஆட்டம் ஓடவில்லை. பதினாறாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை விட்டார். எடுக்காமல் இருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. அந்தப் பக்கம் முத்தையா எழுந்து கோகுலுக்குக் கை கொடுப்பது தெரிந்தது. முடிந்தது. இனி இந்த மேசைதான்.

மெதுவாகத் தோற்க நேரமில்லை. இருபத்தொன்பதாவது நகர்த்தலில் என் ராணியைத் தூக்கி, அவர் குதிரை பாய்கிற கட்டத்தில் வைத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வெட்டிவிடும்.

நயினார் என் நகர்த்தலைத் தாளில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் தடவை. நான் என்ன முகம் வைத்திருந்தேனோ. சிரித்திருக்க மாட்டேன். ஆனால் சும்மா இருந்தாலே சிரிக்கிற மாதிரிதான் இருக்கும் என் மூஞ்சி என்று பேச்சி சொல்வாள்.

பதினோரு நிமிசம் யோசித்தார். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. அவர் கை குதிரைக்கு மேலே ஒரு தடவை வந்து நின்றது. அந்தக் கை குதிரையைத் தாண்டிப் போய் யானையை எடுத்து ஒரு கட்டம் தள்ளி வைத்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வெட்டட்டும் என்று ராணியை அங்கேயே விட்டுவிட்டு ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினேன். அவர் யானையைத் திரும்பப் பழைய கட்டத்துக்குக் கொண்டுவந்தார். நானும் ராஜாவைத் திரும்பக் கொண்டுவந்தேன். ராணி அப்படியே நிற்கிறது. மறுபடி யானை அந்தப் பக்கம். மறுபடி ராஜா அந்தப் பக்கம். மேசையைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். கோகுல் தலையைச் சொறிந்தார். ஆட்டத்தில் பேசக்கூடாது. பேசலாம் என்றால் "வெட்டும்வே, உம்ம காலைப் பிடிக்கேன்" என்று சொல்லியிருப்பேன். அதையும் கேலி என்றுதான் எடுத்திருப்பார்.

யானை திரும்ப வந்து, நானும் ராஜாவை மறுபடி பழைய இடத்தில் வைத்ததும் நயினார் கடிகாரத்தை நிறுத்தினார்.

"பிலிப் சார். ஒரே நிலை மூணு தடவ வந்துட்டு. டிரா கேக்கேன்."

நாலு மாதத்தில் அவர் குரலை இப்போதுதான் பக்கத்தில் கேட்கிறேன்.

பிலிப் சார் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். என் தாளில் ஓர் அடித்தல்கூட இல்லை. எல்லா நகர்த்தலும் அவர் தாளோடு அச்சாக ஒத்துப்போனது. நான் ஒரு வரி தப்பாக எழுதியிருந்தால் கொஞ்ச நேரம் குழப்பமாவது நடந்திருக்கும்.

"நயினார், குதிரை..." என்று ஆரம்பித்தார் பிலிப் சார்.

"டிரா கேட்டேன் சார்."

"இல்ல, பாக்காம விட்டுட்டீங்களோன்னு..."

"பாத்தேன் சார். நல்லாவே பாத்தேன்."

தாளில் முடிவு எழுதுகிற இடத்தில் அரை என்று போட வேண்டும். எனக்கு அரை எழுதத் தெரியாது, இதுவரை தேவைப்படவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நயினார் என் தாளைத் தன் பக்கம் இழுத்து, பழைய மாதிரி அவரே எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"நல்லா இருந்துச்சுவே. நீரு பண்ணுன கேலியிலேயே இதுதான் நல்ல கேலி."

போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாரலில் குடையை விரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு போனார். ராணி அந்தக் கட்டத்திலேயே நின்றது. கோகுல்தான் எடுத்துப் பெட்டியில் போட்டார்.

ஜூலை 26, வியாழன்

கோகுல் பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தாராம். பாங்க் வேலையை விட முடியாது, சனிக்கிழமை மட்டும் வந்து சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளமே வேண்டாம் என்றிருக்கிறார். தாளாளருக்கு ரொம்பச் சந்தோசம். முழுநேர ஆள் இனி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கோகுல் என் கடைக்கே வந்து பெருமையாகச் சொன்னார். காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 29, ஞாயிறு

கிளப்புக்குப் போகவில்லை. ஆறு அடுப்பு பர்னரில் அடைப்புக் குத்தி எடுத்தேன்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

கோமதி மதினி வந்தார்கள். நான் விசில் சோதித்துக்கொண்டிருந்தேன். ஆவி அடங்குகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார்கள்.

"குக்கர வாங்கிட்டுப் போக வந்தேன் அண்ணாச்சி. திங்கக்கிழம திருப்பூருக்குப் போறோம். இவங்களுக்கு ஒரு பனியன் கம்பெனியில வாட்ச்மேன் வேலை. உலகுவும் அங்கேயே ஏதாவது பாப்பா."

மேல் தட்டிலிருந்து இறக்கித் துணியை எடுத்தேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. "அந்தக் குக்கரே வேண்டாம்னுதான் இவங்க சொன்னாங்க. நான் மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்கள். வாங்கிப் பையில் வைத்தார்கள். போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மதினி."

"அன்னைக்கு அந்த ராணிய நெசமாவே குடுக்கணும்னுதான் வச்சியளா? ஊர் முன்னால என்னைய வச்சு வேடிக்கை காட்டிட்டான்னு இவங்க சொல்லுதாங்க. சோறு சரியா சாப்பிடல. எனக்கு அப்படித் தோணல. பதினெட்டு வருசம் பழகுன மனுசன் அப்படிச் செய்வாகளான்னு கேட்டேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போய்ச் சொல்லிக்கிடுதேன். போற எடத்துல அவங்க நிம்மதியாவது இருப்பாங்க."

கண்ணைப் பார்த்துக் கேட்டார்கள். கடையில் வேறு யாரும் இல்லை. கை துடைக்கிற துணி என் கையில். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மார்ச்சில் நடந்ததும், கேஸ்கெட் புதுசாக இருந்ததும், எல்லாமே சேர்ந்து வந்தது.

"நல்லா கேட்டீங்க மதினி," என்றேன், "நான் என்னைக்கு ஒரு பொருளச் சும்மா குடுத்திருக்கேன்?"

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கன்னம் வலித்தது. பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள்.

தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். தட்டில் குக்கர் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி இல்லாமல் இருக்கிறது.

ஆமா.

அடித்தல் இல்லாமல் எழுத வந்துவிட்டது.